கதவு வச்ச கோவம்

எங்க கல்லுப்புக் காலனியில பொம்பளையளுக்குன்னு கட்டின கக்கூசுக்குச் செவரு உண்டு, கூரை உண்டு, ஊதாக் கலர்ல பெயிண்டு உண்டு, பெயிண்டு மேல ஒருத்தி சிரிச்சிக்கிட்டே நிக்கிற படம் உண்டு, அவ கையில ஒரு செம்புகூட உண்டு, கதவு மட்டும் கெடையாது. மொதல்ல இருந்திச்சு. தகரக் கதவு. உப்பளத்து ஓரத்துல தகரம் எம்புட்டு நாளு நிக்கும்? உப்புக்காத்து அதை ஓரத்துல இருந்து முறுக்கு கடிக்கிற மாதிரி கொஞ்சங் கொஞ்சமா கடிச்சுத் தின்னு, நடுவுல ஓட்டை போட்டு எட்டிப் பாத்து, கடைசியில தாழ்ப்பாளை மட்டும் மிச்சம் வச்சிச்சு. கதவில்லாத தாழ்ப்பாளு. அது பாட்டுக்குச் செவத்துல தொங்கிக்கிட்டு கெடந்திச்சு. அதையும் எவனோ ஒரு புண்ணியவான் கழட்டிட்டுப் போயிட்டான்.

அப்புறம் நாங்களே கதவானோம். ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி முந்தானையை விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு வாசல்ல நிக்கணும். காத்து அடிச்சா முந்தானை பறக்கும், குடையை விரிச்சா குடை திரும்பிக்கிடும், பக்கத்து ரோட்டுல உப்பு லாரி போவும்போது கிளீனர் பயலுவ விசிலடிப்பானுவ. அதுனால வளந்த புள்ளையெல்லாம் விடிஞ்சதுல இருந்து ஒரு சொட்டுத் தண்ணி குடிக்காம, உப்புக்கு நடுவுல பொறந்ததுக்கு ஒடம்பையும் கருவாடா காயப் போட்டுக்கிட்டுத் திரியும்.

இதை வார்டு மெம்பர்கிட்ட சொல்லாத பொம்பளை காலனியில கெடையாது. மெம்பர் செந்தூர்பாண்டி அண்ணாச்சி பாக்கதுக்கு ரொம்ப நல்ல மனுசன். சொல்லச் சொல்லக் கேப்பாரு, கைய நெஞ்சுல வைப்பாரு, தலையை ஒரு பக்கமா சாய்ப்பாரு, கண்ணை மெதுவா மூடித் தொறப்பாரு, அப்புறம் கருப்பட்டிப் பாகுல முங்கி எந்திரிச்ச மாதிரி ஒரு கொரல்ல, "பாத்துக்கிடலாம் தாயி"ம்பாரு.

அந்தக் கொரலு எனக்கு அச்சு அசலா வரும். என் பேரு செல்லக்கனி. என் தொண்டைக்குள்ள இந்தக் காலனியே குடியிருக்கு. உப்பளத்துக் கங்காணி இருமுறது, தண்ணி லாரி ஆரன், பக்கத்து வீட்டுச் சண்டையில ரெண்டு பக்கமும், எல்லாம் என்கிட்ட உண்டு. சாயங்காலம் குழாயடியில நான் தலையைச் சாய்ச்சு, "பாத்துக்கிடலாம் தாயி"ன்னு இழுத்தேன்னா, பொம்பளையெல்லாம் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிப்பாளுவ, மூக்காயி அக்கா கொடத்தைக் கீழ போட்டுட்டுச் சிரிப்பா, சிரிச்சு முடிச்சு கண்ணைத் தொடச்சிக்கிட்டு அவஅவ வீட்டுக்குப் போயிருவா. கதவு வராது. சிரிப்பு வந்திரும்.

இப்படி இருக்கையில, எங்க அடுத்த வீட்டுச் சந்தனமாரி மக அனுசியா பள்ளிக்கூடத்துல பிரேயர்ல நின்னுக்கிட்டு இருக்கும்போதே கீழ விழுந்துட்டா. சந்தனமாரி எனக்கு மதினி முறை. புருசன் லாரியோட போனவன், எப்ப வருவான்னு அவனுக்கே தெரியாது. ஆஸ்பத்திரியில டாக்டரம்மா, "ஏம்மா, தண்ணியே குடிக்க மாட்டியா?"ன்னு கேட்டதுக்கு, இந்தப் புள்ள, "குடிச்சா போவணும்லா டாக்டர்"ன்னிருக்கு. டாக்டரம்மா மருந்தை எழுதிக் குடுத்துட்டு, சந்தனமாரியைத் தனியா கூப்பிட்டு, "மூத்திரத்துல சீழ் கோத்திருக்கு. இன்னொரு தடவை இப்படி வந்தா கிட்னி தாங்காது. புள்ளையைத் தண்ணி குடிக்க வையி, அடக்கி வைக்காமப் பாத்துக்க"ன்னு சொல்லிட்டாங்க.

சந்தனமாரி ஆஸ்பத்திரியில இருந்து நேரா மெம்பர் வீட்டுக்குப் போனா. அழுதுக்கிட்டே சொன்னா. அவரு கைய நெஞ்சுல வச்சாரு. மிச்சம் ஒங்களுக்கே தெரியும்.

வீட்டுக்கு வந்தவ கட்டிலுக்கு அடியில கெடந்த வெல்டிங் மிசினைத் தரதரன்னு இழுத்தா. அது அவ கொழுந்தன் மஸ்கட்டுக்குப் போகும்போது போட்டுட்டுப் போனது. மேல இருந்த துணி மூட்டையெல்லாம் சரிஞ்சு விழுந்திச்சு.

"என்ன மதினி, வீட்டை மாத்துதியளா?"ன்னு எட்டிப் பாத்தேன்.

"கதவு செய்யப் போறேன்."

"பணியாரம் செய்யிற மாதிரியில்லா சொல்லுதிய."

"பணியாரமும் மொதத் தடவை கருகத்தானே செய்யும்? ஒதுங்குட்டி, வயரை மிதிக்காத."

இப்படித்தான் எங்க மதினி வெல்டிங் படிச்சா. வாத்தியாரு செல்போன்ல வந்தாரு. மீசை வச்ச ஒரு இந்திக்காரரு. அவரு பேசுறது ஒரு எழுத்துப் புரியாது. ஆனா மூச்சுக்கு மூச்சு, "தேக்கியே, தேக்கியே"ம்பாரு. "பாருங்க பாருங்க"ன்னு சொல்லுதாராம், அது எங்களுக்கு ரொம்பப் பின்னாலதான் தெரியும். மதினி, "தேய்க்கச் சொல்லுதாருட்டி"ன்னு வெல்டிங் ராடை எடுத்து இரும்பு மேல தீக்குச்சி கிழிக்கிற மாதிரி தேய்ச்சா. பாத்தா, தேய்ச்சாத்தான் பத்துமாம்! குத்துனா ஒட்டிக்கிடுமாம். அந்த மனுசன் சொல்லாததைக் கேட்டு இவ சரியா செஞ்சா.

அதுக்கு முந்தி அரை நாளு ஒண்ணுமே வரலை. ராடால இரும்பை மரங்கொத்தி மாதிரி கொத்திக்கிட்டே இருந்தா. நான் லாரி மெக்கானிக் கொரல்ல, "எர்த்தைப் போட்டியாட்டி?"ன்னு கத்தினேன். பாத்தா, எர்த்துக் கிளாம்பு அவ காலடியில நண்டு மாதிரி வாயைப் பொளந்துக்கிட்டு சும்மா கெடக்கு. அதை எடுத்து இரும்பைக் கடிக்க விட்டப்புறம் தேய்ச்சா பாருங்க, கொல்லைக்குள்ள சூரியன் எறங்கின மாதிரி ஒரு வெளிச்சம், சினை எருமை மாதிரி மிசின் ஒரு உறுமு உறுமிச்சு, காலனி மொத்தமும் ஃபேன் நின்னு போச்சு.

லைன்மேன் வந்தாரு. கம்பத்துல ஏறி எறங்கி, "இந்த லைனுக்கு மிக்சி போட்டாலே மூச்சு வாங்குது, இதுல வெல்டிங்கா? இனிமே அந்தப் பிளக்கைச் சொருகுன, ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிட்டுப் போயிருவேன்"ன்னு சத்தம் போட்டுட்டுப் போனாரு. அவரு போனதும் நான் அப்படியே செஞ்சு காட்டினேன். எல்லாரும் சிரிச்சாவ. மதினி சிரிக்கலை.

பிளக்கைச் சொருகாமலே பழகினா. காலையில உப்பு வாரிட்டு வருவா, கஞ்சியைக் குடிப்பா, மூஞ்சிக்கு மறைப்பைப் பிடிச்சுக்கிட்டு, ராடை மாட்டி, பழைய கட்டில் சட்டத்து மேல வெறுங்கையால கோடு போடுவா. இரும்புக்கும் ராடுக்கும் நடுவுல ஒரு நெல்லு போற எடம் விடணும், கை நடுங்கக் கூடாது, அவசரப்படக் கூடாது. கரண்டு இல்லாம, தீ இல்லாம, கோலப்பொடி இல்லாத கோலம் மாதிரி போட்டுக்கிட்டே இருப்பா.

அப்படி ஒரு நாளு அனுசியா பள்ளிக்கூடம் விட்டு வந்து பையைக் கீழ வச்சா. தண்ணி பாட்டில் உருண்டு வந்திச்சு. காலையில மதினி ரொப்பிக் குடுத்த பாட்டில். கழுத்து வரைக்கும் அப்படியே இருக்கு. மூடிகூடத் தொறக்கலை.

"குடிக்கலையா மக்கா?"

"மறந்துட்டேன்மா."

புள்ளைக்கு ஒதடு வெடிச்சிருக்கு. மறந்துட்டாளாம்.

மதினி எந்திரிச்சா. காலுல தட்டுதேன்னு பிளக்கை ஓரமா எடுத்துப் போடப் போனவ, அதை எடது கையில அப்படியே இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னா. மூணு பின்னும் உள்ளங்கையில குத்துது. வலது கையில ஹோல்டரு. எங்கயோ பாத்துக்கிட்டு ராடை இரும்புல ஒரு இழு இழுத்தா. பத்திக்கிட்டு.

மிசின் உறுமலை. ஃபேன் நிக்கலை. ராடு மட்டும் வெள்ளை வெளேருன்னு எரியுது, சொட்டுச் சொட்டா எறங்குது, கட்டில் சட்டம் ரெண்டும் ஒண்ணா ஒட்டிக்கிட்டு. பிளக்கு அவ கைக்குள்ள இருக்கு.

மூக்காயி அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து பாத்துட்டு, "கரண்டு இல்லாம எதுலட்டி எரியுது?"ன்னா.

"கோவத்துல எரியுதுக்கா"ன்னா மதினி.

"அதான பாத்தேன்"ன்னுட்டு அக்கா மீனு கழுவப் போயிட்டா.

காலனிக்கு அதுக்கு மேல வெளக்கம் தேவைப்படலை. வெல்டிங்கைப் பத்த வைக்கிறதுன்னுதானே சொல்லுதோம், பத்த வைக்க நெருப்பு வேணும், நெருப்பு எங்க இல்லைன்னு கேட்டுட்டு வேலையைப் பாத்தாவ. ஆளுக்கு ஒரு இரும்பு கொண்டாந்தாவ. ஒடஞ்ச கட்டில், உப்பு வண்டிச் சட்டம், மெம்பர் பொறந்த நாளுக்குக் கட்டி வச்சிட்டு மறந்து போன பேனர் ஃபிரேமு. மத்தியானம் உப்பளம் விட்டதும் கொல்லையில கூடி, மாத்தி மாத்திப் பிளக்கைப் பிடிச்சாவ. மொத நாளு எல்லாரும் வெளிச்சத்தை வாயப் பொளந்து பாத்ததுல, மறுநாளு கண்ணுக்குள்ள மண்ணு அள்ளிப் போட்ட மாதிரி ஆகி, உருளைக்கெழங்கை வட்டமா நறுக்கிக் கண்ணுல வச்சிக்கிட்டு வரிசையா படுத்துக் கெடந்தாளுவ. அதுல இருந்து பிளக்கைப் பிடிக்கிறவ முதுகைக் காட்டித்தான் நிக்கணும்னு சட்டம் போட்டாச்சு.

கோவத்துலயும் தெனுசு உண்டுன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. இன்னைக்கு வந்த கோவம் படபடன்னு எரிஞ்சு இரும்புல ஓட்டை போட்டுரும். பொறாமையில வர்ற கோவத்துக்குப் பொகைதான் ஜாஸ்தி. ஆம்பளைய ரெண்டு பேரு சாராயத்தைப் போட்டுட்டு, "எங்க கோவத்தைப் பாக்கியா?"ன்னு வந்து பிடிச்சானுவ, ராடு ஒரு பொறி விட்டுட்டு அணைஞ்சு போச்சு. அவனுவ மூஞ்சியைத் தொடச்சிக்கிட்டுப் போனதை நான் ஒரு வாரம் செஞ்சு காட்டினேன். மூக்காயி அக்காவுக்குக் கல்யாணம் ஆன நாள்ல இருந்து உள்ள கெடக்கிற கோவம் இருக்கே, அதுதான் அசலு. சத்தம் வராது, பொறி பறக்காது, மீன் செதிலு அடுக்கின மாதிரி வரிவரியா படியும். மதினி அதை மூலை முட்டுக்குன்னே எடுத்து வச்சுக்கிடுவா. "யக்கா, நாளைக்கு மூலை சேக்கணும், வீட்டுல சண்டை போட்டுச் செலவழிச்சிராத"ன்னு சொல்லி அனுப்புவா. அந்த மாசம் காலனியில புருசன் பொண்டாட்டிச் சண்டையே கெடையாது. எல்லாருமே சேத்து வச்சாளுவ. ஆம்பளையளுக்கு என்னமோ ஏதோன்னு பயம் வந்து, அவனுவளாவே தண்ணி எடுத்துட்டு வந்தானுவ.

ஆகாத ஒருத்தி நான்தான். நான் பிளக்கைத் தொட்டா போதும், ஏதாவது ஒரு கொரலு வாயில வந்திரும். லைன்மேன் கொரலோ, கங்காணி கொரலோ. ஒருத்தி 'களுக்'குனு சிரிப்பா, வெளிச்சம் 'பொசுக்'குனு போயிரும்.

"ஏ செல்லக்கனி, நீ உப்பு அம்பாரத்துக்கு அந்தப் பக்கம் போயி நில்லுட்டி"ன்னு மதினி வெரட்டுவா.

"நான் வேணா வாயில துணியை வச்சுக்கிடட்டா?"

"ஒன் மூஞ்சியைப் பாத்தாலே சிரிப்பு வருதுட்டி, மூஞ்சியில எதை வைக்க?"

நான் அம்பாரத்துக்குப் பின்னால நின்னு, வெளிச்சம் வெட்டுறதை உப்புல பாத்துக்கிட்டு இருப்பேன். எனக்குக் கோவமே கெடையாதுன்னு ஊரு பூரா பேச்சு. நானும் அப்படித்தான் நெனச்சேன்.

கக்கூசு நாலு அறைக்கும் நாலு கதவு முடிஞ்சுது. முட்டு வச்சு, தகடு போட்டு, தாழ்ப்பாளு வச்சு, துரு அண்டாத பெயிண்டு ரெண்டு கை அடிச்சு, கக்கூசு செவத்துல சாத்தி வச்சாச்சு. நிலையில கீலை வச்சுப் பத்த வைக்கிறதுதான் பாக்கி. கீலு இல்லாத கதவு வெறும் பலகைதானே.

அப்பத்தான் மெம்பருக்குச் சேதி போச்சு. மறுநாளே பந்தல் போட்டாச்சு, மைக்கு கட்டியாச்சு, ஆட்டோவுல அண்டா அண்டாவா பிரியாணி வந்திச்சு. கதவில்லாத நாலு வாசலுக்கும் நாலு ஃப்ளெக்சு. ஒவ்வொண்ணுலயும் அண்ணாச்சி ஆளு ஒசரத்துக்குக் கும்புட்டுக்கிட்டு நிக்காரு. "கதவு மாட்டுற வரைக்கும் இது மறைப்பா இருக்கட்டும், நானே தொறந்து வைக்கேன்"ன்னாரு. பொம்பளைய போவணும்னா அவரு வயித்தை வெலக்கிட்டு உள்ள போவணும்.

சனங்க பிரியாணி தின்னாவ. நல்ல பிரியாணி, பொய் சொல்லக் கூடாது, நானும் ரெண்டு தடவை வாங்கினேன். தின்னுட்டு எந்திரிச்சு மதினி கீலை நிலையில வச்சுப் பிடிச்சா. அவ ஆத்திரம் முட்டுக்கும் தகடுக்குமே கரைஞ்சு போச்சு. மூக்காயி அக்கா பிளக்கைப் பிடிச்சா. மதினி தேய்ச்சா. கிர்ர்ருன்னு சத்தம்தான் வந்திச்சு. பத்தலை.

"எர்த்தைப் போட்டியாட்டி?"

"போட்டிருக்கேன்கா"ன்னா மதினி.

அடுத்தவ பிடிச்சா. அதுக்கு அடுத்தவ. ஒருத்தியாலயும் ஒரு பொறி வரலை. மூக்காயி அக்கா உள்ளங்கையைப் பாத்துக்கிட்டு, "காலையில வரைக்கும் இருந்திச்சு மாரி. சோத்தைத் தின்னதும் எங்க போச்சுன்னே தெரியலை"ன்னா. ஏப்பம் வந்திச்சு அவளுக்கு.

மெம்பர் நாற்காலியில சாஞ்சுக்கிட்டு, "விடும்மா, கஷ்டப்படாத. ஃப்ளெக்சு நல்ல கனமான ஃப்ளெக்சுதான். மத்ததைப் பாத்துக்கிடலாம் தாயி"ன்னாரு. அப்புறம் என்னைப் பாத்துட்டாரு. "ஏ செல்லக்கனி! நீ என்னை மாதிரியே பேசுவியாமே? வா, மைக்குல பேசு. கேப்போம்."

என்னை யாரு மைக்குல கூப்பிட்டுருக்கா? ஓடிப் போனேன். கைய நெஞ்சுல வச்சேன், தலையைச் சாய்ச்சேன், கண்ணை மூடித் தொறந்தேன். "பாத்துக்கிடலாம் தாயீஈஈ." காலனியே குலுங்கிச்சு. எல்லாருக்கும் மேல அவருதான் சிரிச்சாரு. தொடையைத் தட்டித் தட்டிச் சிரிச்சாரு.

சிரிக்காதது அனுசியா மட்டும்தான். முன்னால தரையில உக்காந்திருக்கா, மடியில அந்த ரொப்பின பாட்டிலு. "அத்தே"ன்னா. "எங்கம்மா அழுதுக்கிட்டே கேட்டப்பத்தான் அவரு இதைச் சொன்னாரு. இதுல என்னத்தே சிரிப்பு?"

மைக்கு அதையும் எடுத்து ஊருக்குச் சொல்லிச்சு.

நான் மைக்கை விடலை. எல்லாக் கொரலும் இருக்குன்னு சொன்னேன்லா, அவரு கொரலு மட்டும் இல்லை, கேட்டவளுவ கொரலும் இருக்கு. அதை நான் யாருக்கும் செஞ்சு காட்டினதே இல்லை. மூக்காயி அக்கா கொரலை எடுத்தேன். "அண்ணாச்சி, வயித்துல ஆபரேசன் பண்ணியிருக்கு, குத்தவச்சா எந்திரிக்க முடியலை, முந்தானை பிடிக்க ஆளில்லை, ஒரு கதவு போட்டுக் குடுங்க." அப்புறம் இழுக்காம, தலையைச் சாய்க்காம, அவரு சொன்ன மாதிரியே சொன்னேன். பாத்துக்கிடலாம் தாயி. சந்தனமாரி கொரலை எடுத்தேன். "அண்ணாச்சி, எம்புள்ளைக்குக் கிட்னி போயிரும்ங்காங்க." பாத்துக்கிடலாம் தாயி. பள்ளிக்கூடத்துப் புள்ளைய கொரலு, மாசமா இருந்தவ கொரலு, காய்ச்சல்காரி கொரலு, ஒவ்வொருத்தியா எடுத்து எடுத்து வச்சேன். ஒவ்வொண்ணுக்கும் அதே பதிலு. பந்தல்ல ஒருத்தி சிரிக்கலை. எலையில மிச்சச் சோறு அப்படியே காயுது.

மிச்சம் ஒரு கொரலுதான். அது எங்க கெடக்குன்னு தேடினேன். ரொம்ப அடியில கெடந்திச்சு. என் கொரலு, எனக்குப் புள்ள பொறந்தப்போ கேட்டது.

"அண்ணாச்சி, புள்ள பெத்து பச்ச ஒடம்பா இருக்கேன். உள்ள உக்காந்திருக்கும்போது காத்துல மறைப்பு பறந்து போச்சு. லாரிக்காரன் வண்டிய நிப்பாட்டி செல்போன்ல படம் பிடிச்சான். படம் பிடிச்சுட்டுச் சிரிச்சான். ஒரு கதவு போட்டுக் குடுங்க அண்ணாச்சி."

அதுக்கு அவரு சொன்ன பதிலை நான் சொல்லலை. ஊரே அவரைப் பாத்துச்சு. அவரு வாயைத் தொறந்தாரு. "பாத்து..."ன்னாரு. மூடிக்கிட்டாரு.

மதினி வந்து என் கையில பிளக்கைத் திணிச்சா. மூணு பின்னும் குத்துது. "திரும்பி நில்லுட்டி"ன்னா. திரும்பி நின்னேன். ராடு இரும்புல படுறதுக்கு முந்தியே எனக்கு நெஞ்சுல இருந்து கை வழியா சுருக்குனு எறங்கிச்சு.

பட்டப்பகல்ல எங்க எல்லாரு நெழலும் உப்பளம் வரைக்கும் நீண்டு போயி விழுந்திச்சு. பொறி பறந்து ஃப்ளெக்சுல விழுந்து, அண்ணாச்சி கும்புட்ட கையில ஒரு ஓட்டை, சிரிச்ச பல்லுல ஒரு ஓட்டை, அப்புறம் மூஞ்சியே சுருங்கி வழிஞ்சு கீழ தொங்கிச்சு. அவரு நாற்காலியைப் பின்னால இழுத்துக்கிட்டே போனாரு, பந்தக்காலு முட்டுற வரைக்கும் போனாரு. என் கை சுடுது. சுடட்டும்னு பிடிச்சேன். நான் ஒருத்தி பிடிச்சதுலயே நாலு கதவுக்கும் கீலு விழுந்திச்சு. கடைசி ராடு தீந்ததும் மதினி சுத்தியலால ஒரு தட்டுத் தட்டினா. மேல இருந்த கசடு உதுந்து விழுந்திச்சு. அடியில மீன் செதிலு மாதிரி வரிவரியா மின்னுது.

"இது அசலுட்டி"ன்னா மூக்காயி அக்கா.

அனுசியா எந்திரிச்சா. பாட்டில் மூடியைத் தொறந்தா. அத்தனை பேருக்கும் முன்னால நின்னு, அண்ணாந்து, மடக் மடக்குன்னு மொத்தத் தண்ணியையும் குடிச்சா. குடிக்கிற சத்தம் மைக்குல கேட்டுச்சு. வாயைத் தொடச்சா. வெறும் பாட்டிலை என் கையில குடுத்தா. அவசரமே இல்லாம நடந்து போயி, மொதக் கதவைத் தொறந்து, உள்ள போயி சாத்தினா. தாழ்ப்பாளு 'டக்'குனு விழுந்திச்சு. அவ வெளிய வர்ற வரைக்கும் ஒருத்தரும் எலையை எடுக்கலை.

அந்தச் சத்தம் எனக்கு இப்ப நல்லா வரும். குழாயடியில புள்ளைய கேட்டா, நாக்கை மேல தட்டி 'டக்'குன்னு போட்டுக் காட்டுவேன். எல்லாரும் சிரிப்பாளுவ. லைன்மேன் கேட்டா லைன்மேன், கங்காணி கேட்டா கங்காணி, எல்லாக் கொரலும் குடுப்பேன். மெம்பர் கொரலை மட்டும் யாரு கேட்டாலும் எடுக்கிறதில்லை. உப்புக்காத்து ராவும் பகலும் அந்தக் கீலை நக்கிக்கிட்டுத்தான் இருக்கு. மறுபடி எப்ப வேணும்னாலும் எடுக்கத் தோதா பிளக்கு மதினி வீட்டு ஆணியில தொங்குது. துணி காயப் போட்டாக்கூட அதுக்கு மேல போட விட மாட்டேன்.